எழுந்திரு... வேன் வந்துடும்!

"இவனை எழுப்பறதுக்குள்ள என் பாதி உயிர் போயிடுது டாக்டர். சுறுசுறுப்பா எழுந்திருக்கிற மாதிரி ஏதாவது சூரணம், லேகியம் இருந்தா எழுதிக் குடுங்களேன்!"

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகியிருக்காது. இந்த வேண்டுகோளோடு அம்மாக்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். கும்பகர்ணன், தூங்குமூஞ்சி, சோம்பேறி என்று வீட்டில் சூட்டிய பட்டங்களையெல்லாம் அம்மா என் எதிரிலேயே ஒருமுறை வாசித்துவிடுவார்.

நாடி பார்ப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறான்?"

"பத்து மணிக்கெல்லாம் படுத்துடுவான் டாக்டர்."

படுப்பது வேறு, தூங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நிறைய வீடுகளில் பெற்றோருக்குத் தெரிவதில்லை. பையனைக் கேட்டால் மெதுவாக வாயைத் திறப்பான். "பதினொன்றரை... சில நாள் பன்னிரண்டு." அம்மாவுக்கு அதிர்ச்சி!

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட அளவுப்படி 6 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். இதில் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அஞ்சாம் கிளாஸ் பெண் காலை 6 மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு 9 மணிக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும். பத்தாம் கிளாஸ் பையன் 10 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பா ஆபீஸிலிருந்து வர எட்டரை. டியூஷன் முடிந்து பிள்ளை வர ஒன்பது. அதற்குப் பிறகு டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பாடு. பாக்கி ஹோம்வொர்க். பத்தே முக்காலுக்கு விளக்கை அணைத்தால், போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் இன்னும் முக்கால் மணி நேரம். பதினொன்றரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம்தான். தினமும் ஒன்றரை மணி நேரக் கடன். வாரத்தில் ஆறு நாள் என்றால் ஒன்பது மணி நேரம், அதாவது ஒரு முழு ராத்திரி பாக்கி! அப்படிப்பட்ட பிள்ளையை லேகியம் கொடுத்து எழுப்பு என்றால் நான் எந்த லேகியத்தைக் கொடுப்பது?

அடக்கக் கூடாத இயற்கை உந்துதல்கள் என்று பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. பசி, தாகம், தும்மல், கொட்டாவி, மலம், சிறுநீர் என்று போகும் அந்தப் பட்டியலில் நித்திரையும் ஒன்று. தூக்கத்தை அடக்கினால் தலைக்கனமும் கண் சிவப்பும் வரும் என்று நாங்கள் கல்லூரியில் படித்தோம். காலை ஏழு மணிக்கு வேன் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளைகளின் கண்களை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பாடப் புத்தகம் தேவைப்படாது.

உள்ளே ஒரு கடிகாரம்

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இரண்டு நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே மிகச் சிறிய ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. நம் உடம்பின் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் ஒழுங்குபடுத்துகிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. அப்படியே விட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் தூங்கும் நேரம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று நழுவுகிறதே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது இதனால்தான். தள்ளிப் போன கடிகாரத்தைத் தினமும் பின்னுக்கு இழுத்து நேரம் திருத்துவது காலை வெளிச்சம். அதற்கு நேர்மாறாக, இரவில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் தள்ளிவிடுகிறது. இருட்டத் தொடங்கியதும் மெலட்டோனின் என்ற ஒரு சுரப்பு மூளைக்குள் ஊறி, 'ராத்திரி வந்துவிட்டது' என்று உடம்புக்குச் சேதி சொல்லும். முகத்துக்கு நேரே செல்போனும் தலைக்கு மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கும் எரிந்தால் அந்தச் சேதி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இனி, டீன் ஏஜ் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம். பருவமடையும் காலத்தில் இந்தக் கடிகாரம் தானாகவே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. பழக்கதோஷத்தால் மட்டும் வருவதல்ல இது, உடம்பிலேயே நடக்கிற மாற்றம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடான் என்ற பெண் விஞ்ஞானி 1990-களில் இதை ஆராய்ந்து எழுதினார். எட்டு வயதில் ஒன்பது மணிக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்கிய அதே பிள்ளை, பதினான்கு வயதில் பத்தரை ஆனாலும் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதனால் 'முன்னே நல்லாத்தானே இருந்தான், இப்போ திமிரு ஏறிப்போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். அவன் உடம்புக்கு அப்போது ராத்திரி இன்னும் ஆகவில்லை. அதேபோல நமக்குக் காலை ஆறு மணி என்றால் அவன் உள்கடிகாரத்தில் மணி நாலரைதான். உங்களைத் தினமும் நாலரைக்கு உலுக்கி எழுப்பினால் நீங்கள் சிரித்த முகத்தோடு எழுந்திருப்பீர்களா?

நாலு மணி அலாரம்

இதைப் படித்ததும் தாத்தாக்களுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். "நாங்களெல்லாம் நாலு மணிக்கு எழுந்து படிக்கலியா? வைகறையில எழுந்திருக்கச் சொல்லி ஔவையாரே சொல்லலியா?" என்பார்கள்.

சொன்னார், நியாயம்தான். சித்த மருத்துவமும் வைகறையில் எழுவதைத்தான் சிறப்பாகச் சொல்கிறது. ஆனால் தாத்தா, நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்குத் திண்ணையில் பாய், ஒன்பது மணிக்கு ஊரே அடங்கிவிடும். நாலரைக்கு எழுந்தாலும் ஏழரை மணி நேரம் தூங்கியாகிவிட்டது. நாம் அந்த வழக்கத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். எழுகிற நேரம் பழைய காலத்து நேரம், படுக்கிற நேரம் இந்தக் காலத்து நேரம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடுவது பத்தாம் கிளாஸும் ப்ளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகள்.

இரவு பதினொன்றரைவரை படிக்க வைத்து, மறுபடி நாலு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதில் லாபம் ஒன்றுமில்லை. தூக்கத்தின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சிக்கான ஹார்மோன் சுரப்பது பெரும்பாலும் அப்போதுதான். கனவுகள் வரும் தூக்கம் அதிகமாக இருப்பது விடியற்காலையில். படித்ததை மூளை சேர்த்து வைத்துக்கொள்வதில் இந்த இரண்டுக்குமே பங்கு உண்டு. நாலு மணிக்கு எழுப்பினால் பின்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. புத்தகத்தின் முன் உட்கார்ந்திருப்பான், ஒரே பக்கத்தை ஐந்து முறை படிப்பான். காலையில் படித்தால்தான் ஏறுகிறது என்கிற பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஐந்தரைக்கு எழுந்து படிக்கட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

'இன்னிலேருந்து ஒன்பது மணிக்குப் படு' என்று உத்தரவு போட்டால் நடக்காது. தூக்கம் உத்தரவுக்குப் பணியாது. ஆனால் எழுகிற நேரம் நம் கையில் இருக்கிறது. அதனால் காலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது பிள்ளை இயல்பாக ஏழரைக்கு எழுகிறான், ஆறு மணிக்கு எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் இழுக்காதீர்கள். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். ஏழேகால், ஏழு, ஆறே முக்கால் என்று மூன்று வாரத்தில் வந்து சேர்ந்துவிடலாம். பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டால் ஜூன் மாதத்து ரகளையே இருக்காது. எழுந்ததும் முதல் வேலை வெளிச்சம். மொட்டை மாடியோ, பால்கனியோ, வாசலோ, பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நிற்கட்டும். பல் தேய்ப்பதை அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு ட்யூப்லைட்டைப்போலப் பல மடங்கு.

இங்கே ஒரு சின்ன விஷயம். சென்னையில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 5.45-க்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜனவரி பிற்பகுதியில் 6.35 ஆகிவிடும். கிட்டத்தட்ட 50 நிமிட வித்தியாசம்! ஜூலையில் ஒழுங்காக எழுந்துகொண்டிருந்த பிள்ளை மார்கழி, தை மாதங்களில் திணறுவதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. இருட்டில் எழுப்பினால் யாருக்கும் கஷ்டம்தான். அந்த மாதங்களில் எழுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே அறை விளக்கைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் பட்ட பாடெல்லாம் ஞாயிறு பதினோரு மணிவரை தூங்கி வீணாகிறது. கடன் தீர்க்கத் தூங்குகிறான், பாவம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அன்றைக்கு நாலைந்து மணி நேரம் தள்ளி எழுந்தால், அன்று ராத்திரி பன்னிரண்டுக்கும் தூக்கம் வராது. திங்கட்கிழமை காலை வீட்டில் யுத்தம்! வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், போதும். மிச்சக் கடனைச் சனி இரவு சீக்கிரம் படுத்துத் தீர்த்துக்கொள்ளட்டும்.

நான் அடிக்கடி பார்க்கிற இன்னொரு எதிரி சாயங்காலத் தூக்கம். போன வருஷம் ஒன்பதாம் கிளாஸ் படிக்கும் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். காலை 6.40-க்கு வேன். இரவு பன்னிரண்டரைக்கு முன் தூக்கம் வரவில்லை என்று அந்தப் பெண்ணே அழுதாள். விசாரித்தால், நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மோடு படுத்து ஏழு மணிவரை தூங்குகிறாள். பகல் முழுக்க சேர்த்து வைத்த தூக்கப் பசியை அப்போதே தீர்த்துவிட்டால், ராத்திரி எப்படிப் பசிக்கும்? தேரையர் பகல் தூக்கத்தை விலக்கச் சொன்னது சும்மா இல்லை. இரவு நேரத்தில் நாங்கள் கையே வைக்கவில்லை. சாயங்காலத் தூக்கத்தை மட்டும் 25 நிமிடமாகக் குறைத்தோம். அதுவும் ஐந்து மணிக்குள். எழுந்ததும் முகம் கழுவி, சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிட்டு, அரை மணி நேரம் வெளியே விளையாட்டு. முதல் வாரம் அந்தப் பெண்ணுக்கு நரகம்தான். ஏழு மணிக்குப் புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிடுவாள். பாட்டி வேறு, "குழந்தையைத் தூங்கவிடாம வதைக்கிறானே இந்த டாக்டர்" என்று திட்டியிருக்கிறார். மூன்றாவது வாரம் பத்தே காலுக்குத் தானாகத் தூங்கினாள். மாத்திரை இல்லை, சூரணம் இல்லை.

காபி, டீ விஷயத்திலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். குடித்த காபியின் வீரியத்தில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு 'படிக்கிற பிள்ளை' என்று ஆற்றிக் கொடுக்கிற ஸ்ட்ராங் காபி, நடு ராத்திரியிலும் வேலை செய்துகொண்டிருக்கும். மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாடு ஏழரை, மிஞ்சிப் போனால் எட்டு. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் மாதிரி லேசாக இருக்கட்டும். அப்பா வரட்டும் என்று ஒன்பதரைவரை காக்க வைக்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நல்ல பழக்கம்தான், அதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். தூங்கும் அறையில் வெள்ளை விளக்குக்குப் பதில் மங்கலான மஞ்சள் விளக்கு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு செல்போன்கள் எல்லாம் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். 'எல்லாம்' என்றால் அப்பா, அம்மாவுடையதும் சேர்த்துத்தான். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தபடியே, "டேய், போனை வச்சுட்டுத் தூங்குடா" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

எழுப்புவதிலும் ஒரு பக்குவம்

நம் அம்மாக்களின் கடைசி ஆயுதம் எது தெரியுமா? ஃபேனை அணைத்துவிடுவது! வேர்த்து விறுவிறுத்து, எரிச்சலோடு அந்தப் பிள்ளை எழுகிறது. எழுந்ததும் முதலில் காதில் விழுவது திட்டு. பிறகு நாள் எப்படி இருக்கும்?

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவர்களுக்கு மூளை முழுசாகத் தெளிய 15 முதல் 30 நிமிடம்வரை ஆகும். அந்த நேரத்தில் சொல்வது மண்டையில் ஏறாது. கேட்டால் பதில் வராது, வந்தாலும் வெடுக்கென்று வரும். இது மரியாதைக்குறைவு இல்லை, தூக்கக் கலக்கம். அதனால் அந்த அரை மணி நேரத்தில் மார்க்கு, டெஸ்ட், காணாமல் போன டிபன் பாக்ஸ் எதையும் பேசாதீர்கள். ஜன்னல் திரையை விலக்குங்கள். சின்னக் குழந்தை என்றால் உள்ளங்கால், முதுகு என்று மெல்லத் தடவி எழுப்புங்கள். எழுந்து உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். செல்போன் அலாரம் வேண்டாம். அதைச் சாக்காக வைத்துப் போன் படுக்கைக்கு வந்துவிடும். கடிகாரத்தைக் கைக்கு எட்டாத பீரோ மேல் வையுங்கள், எழுந்து போய்த்தான் நிறுத்த வேண்டும். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று நாலு முறை அழுத்தி அழுத்தித் தூங்கும் இருபது நிமிடம் உருப்படியான தூக்கமில்லை. ஐந்தே முக்காலுக்கு வைத்து ஆறு ஐந்துக்கு எழுவதைவிட, ஆறு ஐந்துக்கே வைத்துவிடலாம். யூனிஃபார்ம், ஷூ, சாக்ஸ், பை எல்லாம் ராத்திரியே தயாராக இருந்தால் காலையில் இன்னொரு பதினைந்து நிமிடத் தூக்கம் மிச்சம். எட்டாம் கிளாஸுக்கு மேல் போன பிள்ளையை எழுப்பும் பொறுப்பை மெல்ல அவனிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஒரு நாள் வேனைத் தவறவிட்டு டீச்சரிடம் அவனே காரணம் சொல்லட்டும். குடி முழுகிப் போகாது.

போதுமான அளவு தூங்கியும் எழ முடியவில்லையா?

இங்கேதான் பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலர் நோயாளிகள்.

பெண் குழந்தைகளில் முதலில் பார்க்க வேண்டியது ரத்த சோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்த சோகை இருந்தது. வசதியான வீட்டுப் பெண்களுக்கு வராது என்று நினைக்காதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பச்சரிசி, சாக்பீஸ் என்று எதையாவது ரகசியமாக மென்றுகொண்டிருப்பாள். மாதவிலக்கில் அதிக ரத்தம் போகும். இரும்புச்சத்துக் குறைந்தால் இரவில் கால் குடைச்சல் வந்து தூக்கமும் கெடும். சித்த மருத்துவத்தில் பாண்டு என்போம். அன்னபேதிச் செந்தூரம், கரிசாலை லேகியம் என்று நல்ல மருந்துகள் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் ஹீமோகுளோபின் பார்க்காமல் நான் எழுதித் தருவதில்லை. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்த சோகை. சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குறட்டை. தினமும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் குழந்தையைப் பார்த்து, 'என்னமா அசந்து தூங்குது' என்று பூரிக்காதீர்கள். மூக்கின் பின்னால் அடினாய்டு சதையோ, டான்சிலோ வீங்கி மூச்சை அடைக்கலாம். நடுநடுவே மூச்சு நின்று திணறி மறுபடி வரும். பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும். இதற்குக் கஷாயம் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம் என்று சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

கீரிப்பூச்சி ராத்திரியில்தான் ஆசனவாயில் வந்து முட்டையிடும். அரிப்பில் குழந்தை புரண்டுகொண்டே இருக்கும். பள்ளிகளில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வீட்டில் சுண்டைவற்றல், வேப்பம்பூ ரசத்தை மறக்காதீர்கள். சளி, அலர்ஜிக்கு இரவில் கொடுக்கும் சில மருந்துகளின் மயக்கம் மறுநாள் காலையிலும் நீடிக்கும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு எடை கூடி, மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை என்று சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை அவசியம்.

இன்னொன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே எழுந்து விளையாடுகிற குழந்தை, திங்கட்கிழமை எட்டு மணிக்கும் எழ மாட்டேன் என்கிறது. காலையில் வயிற்றுவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்கிறது. பள்ளிக்கூட வேன் போய்விட்டால் பத்து மணிக்கு வலி காணாமல் போய்விடுகிறது. 'நடிக்கிறான்' என்று அடிக்காதீர்கள். அந்த வலி பெரும்பாலும் பொய் இல்லை, பயத்தால் வரும் நிஜமான வலி. வகுப்பில் யாரோ அடிக்கலாம், கேலி செய்யலாம், ஒரு டீச்சரிடம் பயம் இருக்கலாம், வேனில் யாராவது தவறாக நடந்துகொள்ளலாம். அதைக் காலை அவசரத்தில் கேட்டால் வராது. சாயங்காலம் மொட்டை மாடியில், முகத்தையே உற்றுப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்ன பிறகு, "இதுக்குப் போயா?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். வளர்ந்த பிள்ளை வாரக்கணக்கில் எதிலும் ஆர்வமில்லாமல், நண்பர்களையும் விட்டு ஒதுங்கி, படுக்கையிலேயே கிடந்தால் மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது.

பள்ளிக்கூடமும் கொஞ்சம் இறங்கி வரலாம்

எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையிலேயே வைப்பது நியாயமில்லை. ஆறரைக்கு வேன் ஏறினால்தான் எட்டு மணிப் பள்ளிக்குப் போக முடியும் என்றால் வீட்டில் என்னதான் செய்வது? வளரிளம் பருவத்தினரின் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-லேயே சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2019-ல் சட்டமே போட்டு, 2022 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டில் மகாராஷ்டிர அரசு, நாலாம் வகுப்புவரை உள்ள குழந்தைகளுக்கு ஒன்பது மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று 2024-ல் உத்தரவு போட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, அதைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள், இருபது பேர் கேட்டால் யோசிப்பார்கள். சேர்க்கும்போதே பள்ளியின் பெருமையோடு வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பாருங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் வரட்டும் என்று ஜாதிக்காயை இஷ்டத்துக்குப் பாலில் இழைத்துக் கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் வாந்தி, பிதற்றல்வரை கொண்டுபோய் விடும். அமுக்கரா சூரணம் அருமையான மருந்துதான், ஆனால் தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. கடையில் கேட்டு வாங்கி வளரும் பிள்ளைக்குக் கொடுக்கிற சமாச்சாரம் அல்ல. மிட்டாய்போல வருகிற மெலட்டோனின் மாத்திரைகளும் அப்படித்தான். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

மேலே சொன்னதையெல்லாம் மூன்று நாலு வாரம் செய்தும் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் வாருங்கள். வரும்போது ஒரு தாள் கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்துக்கு, தினமும் பிள்ளை படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகலில் தூங்கியது, காபி, டீ, குறட்டை உண்டா இல்லையா என்று பென்சிலால் குறித்திருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.